கலிமா விரல்

உம்மாவின் கலிமா விரல் மெல்ல எழும்பியது.

அஸ்மியா அப்போதுதான் அஸர் தொழுது முடித்துக்கொண்டிருந்தாள். ஸலாம் கொடுக்கத் திரும்பிய கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது.

ஒக்சிஜன் மாஸ்க்குக்குள் உம்மாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மற்ற விரல்கள் மடங்கிக் கிடக்க, அந்த ஆட்காட்டி விரல் மட்டும் வார்ட்டுக் கதவுப் பக்கம் சாய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வாப்பாவும் அப்படித்தான் உயர்த்தினார். கலிமாவைச் சொன்னார், விரலை உயர்த்தினார், மவுத்தாகிப்போனார்.

அன்றோடு தொழுகையை விட்டவள் அவள். கம்பஸ் முடித்து வேலைக்கும் அல்லாஹ்விடம் கேட்டாயிற்று, வாப்பாவுக்கும் கேட்டாயிற்று. வாய் காய்ந்ததுதான் மிச்சம். இனி என்னத்துக்குக் கேட்பான் என்று இருந்தவளை, உம்மாவுக்கு வந்த டெங்குதான் மறுபடி குனிய வைத்தது.

பிளேட்லட் இறங்கிக்கொண்டே போகிறது, இனி உடம்புதான் தாங்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்று, அடுத்த கட்டிலில் கிடந்த தேற்றாத்தீவு ஆச்சிப்பிள்ளை அக்காவிடம் பன்பாய் ஒன்றை இரவல் வாங்கினாள்.

தொழுகைக்கு முகம் வைக்கும் கிப்லா எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்கவில்லை. காத்தான்குடியில் பிறந்தவளுக்கு அது ஒரு கேள்வியா? கடலுக்கு முதுகு, ஆற்றுக்கு முகம். வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வார்கள். நாலு நாளாக வெயிலே இல்லாத மழைக்குள், டவுண் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஆறு மங்கலாகத் தெரிந்தது. பாயை அதைப் பார்த்து விரித்தாள்.

தொழுகை அழகாக ஒன்றும் இருக்கவில்லை. ஸுஜூதில் நெற்றி வைத்துக் கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அல்லாஹ்விடம் நியாயம் கேட்டாள்.

"நீ தொழுறியா, சண்டை பிடிக்கிறியா, தங்கச்சி?" என்று ஆச்சிப்பிள்ளை அக்கா கேட்டே விட்டார்.

இரண்டும்தான் என்றாள்.

இப்போது அந்த விரல்.

முழங்காலில் நகர்ந்து கட்டிலடிக்குப் போய் அதைப் பிடித்து மடக்கினாள். எழும்பியது. மறுபடி மடக்கினாள். மறுபடி எழும்பியது. கதவையே காட்டியது. ஆச்சிப்பிள்ளை அக்கா போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டு அங்கால் திரும்பிப் படுத்தார்.

அஸ்மியா ஜன்னல் பக்கம் போய் விழுந்தாள். இந்த முறை நியாயம் எதுவும் வாயில் வரவில்லை.

"நீ றஹ்மான் எண்டுதான் உம்மா எப்பயும் செல்றா. இரக்கம் காட்டு. எனக்கு வேற ஆரும் இல்ல."

அடுத்த நாள் பிளேட்லட் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் ஏறியது. அதற்கும் அடுத்த நாள் விடியற்காலை மாஸ்க்கைக் கழற்றினார்கள்.

அஸ்மியா ஓடிப்போய்ப் பாயை எடுத்தாள். ஷுக்ரு சொல்லி நன்றி செலுத்த நெற்றி தரையில் படுமுன்னமே, பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"யா அல்லாஹ், இன்னமும் அங்காலதான் குனியிறாள். கிப்லா இஞ்சால எண்டு எத்தின தரம் விரலக் காட்டினன், புள்ள?"

வார்ட்டுக்கு வந்த அன்றே நர்ஸ் மிஸ்ஸிடம் திசையைக் கேட்டு வைத்திருந்தாராம். டவுணில் ஆறு எல்லாப் பக்கமும் சுற்றிக் கிடக்கிறது, அதை நம்பிப் பாயை விரிக்கலாமா, இதுக்கா கம்பஸுக்கு அனுப்பினது என்று ஏச்சு வேறு.

அஸ்மியா ஜன்னலைப் பார்த்தாள். மழை விட்டிருந்தது. இத்தனை நாளும் அவள் நெற்றி வைத்த பக்கத்தில், ஆற்றுக்கு மேலே, சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது.

மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது.

ஆச்சிப்பிள்ளை அக்கா சிரித்த சிரிப்பில் சேலைன் போத்தல் ஆடியது.

அஸ்மியா மூக்கைத் துடைத்துக்கொண்டு பாயைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

உம்மாவின் கலிமா விரல் மெல்ல எழும்பியது.

இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாம்.