செங்கம்மாள் வைத்திருந்த கல்

கல்லைச் சாமைப் பானைக்குள் புதைத்து மூடிவிட்டுத்தான் செங்கம்மாள் கதவைத் திறந்தாள். வாசலில் விசாரணை அதிகாரி நர்மதா நின்றிருந்தார்.

"இடிஞ்ச கூரையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கீங்களாமே. அதைக் குடுங்கம்மா."

"எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

"நீங்க மாடியில சாமை காயவெச்சதாலதான் அங்கன்வாடி இடிஞ்சுதுன்னு கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. நாலு மொறம் சாமைக்கா காங்கிரீட் இடியும்?"

செங்கம்மாள் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள். அரசாங்கத்து ஆள் இத்தனை இனிப்பாகப் பேசினால் உள்ளே வேறு ஏதோ இருக்கும். ஜீப் வெள்ளிமலைப் பக்கம் திரும்பிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அங்கன்வாடியில் சமைக்கிறவள் அவள். கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத கட்டடம், ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் பிள்ளைகள் பிழைத்தன. மறுநாள் விடிவதற்குள் இடிபாட்டையெல்லாம் லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள். மிஞ்சியது அவள் மடியில் கட்டி வந்த இந்தத் துண்டுதான். விரலால் நிமிண்டினாலே மணலாகக் கொட்டும். இப்போது வேலையும் போய், போலீஸ் கேஸும் வரும் என்றார்கள்.

சாயங்காலம், ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஊரே கூடிப் பேசியது.

"கீழ குவாரில வெடி வெச்ச அதிர்வுல வுழுந்துச்சு" என்றான் முனியன்.

"வெடியாவது! நம்மள மலைய வுட்டு எறக்கணும்னு கவர்மெண்டே இடிச்சிருக்கு" என்றார் மாதன்.

சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த தமிழழகன் பைக்கில் உட்கார்ந்தபடியே தலையாட்டினான். செங்கம்மாளுக்கு நியாயம் கேட்டு ஆள் சேர்த்து ரோட்டை மறித்தவன், அவள் வீட்டில் களி வாங்கிச் சாப்பிட்டவன்.

"மாதண்ணன் சொல்றதுதான் நெசம். அக்கா, கல்லு அந்தம்மா கைக்குப் போச்சுன்னா நல்ல கல்லா மாத்திடுவாங்க. எங்கிட்ட குடு. சேலத்துல தனியார் லேப்ல டெஸ்ட் பண்ணி, விசாரணை அன்னிக்கு நானே கொண்டாந்து மேசை மேல வெக்கறேன்."

"போட்டோவும் புடிச்சு வெச்சிருக்கேன், தம்பி."

"மொதல்ல அத்த அழிச்சிடு. உன் போனை ஒட்டுக் கேட்டுக்கினு இருக்காங்க."

அவனே போனை வாங்கி அழித்தும் கொடுத்தான். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு செய்யுமா என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்லைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிமலையில் விசாரணை. கான்ட்ராக்டர் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நர்மதா முதலில் செங்கம்மாளைத்தான் கூப்பிட்டார்.

"கடைசியா கேக்கறேம்மா. அந்தத் துண்டு இருந்தா உங்க மேல தப்பு இல்லன்னு என்னால எழுத முடியும். இல்லன்னா நான் நெனச்சாலும் காப்பாத்த முடியாது."

செங்கம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

"கல்லு பத்திரமா இருக்குதுங்க. தோ, எங்க தம்பிகிட்ட."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழழகன் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

"இன்னா கல்லுங்க, மேடம்?"