நாற்பத்திரண்டு பேர் வந்த கூட்டம்

“ஒரே ஒரு பேருங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு பேரை மட்டும் அதுல எழுதிருங்க.” ராக்கம்மா கிளார்க் ஹியூபேட்டின் மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் அந்த மேசையும் போய்விடும் என்று பயந்தவளைப் போல இருந்தாள்.

வட்டாரக் காரியாலயத்துச் சுவர்க்கடிகாரம் மூன்றேகால் காட்டியது. நாலு மணிக்குப் பொலிஸ் நிலையத்துக்கு லொறி வரும், பிடித்துவைத்திருக்கும் தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகும் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நகரத்தில் குண்டு வெடித்தது. புதன் விடியற்காலையில் கொட்டாஞ்சேனை பிலாமரத் தோட்டத்து லைன் வீடுகளைச் சுற்றிவளைத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ராக்கம்மாவின் புருஷன் இருளப்பனைக் கொண்டுபோனார்கள். செவ்வாய் முழுக்க அவன் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தான். அதைப் பார்த்த ஒரே சாட்சி ராக்கம்மாதான்.

“பொண்டாட்டி சொல்றது சாட்சி இல்ல” என்று சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர் ரொட்ரிகோ. இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர், தமிழ் நன்றாக வரும். “செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு அவன் எங்க இருந்தான்? மேல காட்ட எனக்கு ஒரு கடதாசி வேணும். அரசாங்க சீல் குத்தினது.”

செவ்வாய், மூன்று மணி. பொதுக் குழாயடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மாநகரசபையின் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம் அந்த நேரத்தில்தான், இந்த வட்டாரக் காரியாலயத்தில். தோட்டத்தில் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. இருக்கிற ஒரு குழாயில் சண்டை பிடித்துத் தண்ணீர் எடுக்கவே நேரம் போதாதவர்கள், பட்ஜெட்டுக்கு எங்கே போவது?

“எழுத ஏலாது தங்கச்சி, இது கூட்டத்து மினிட்ஸ் புத்தகம்.” ஹியூபேட் அதைத் திறந்தே காட்டினார். “பாருங்கோ, வந்த ஆக்கள் நாற்பத்திரண்டு பேர். கீழ கோடு போட்டு சீலும் குத்தியாச்சு. இனி எங்க எழுதுறது?”

ராக்கம்மா விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். பெயர்களெல்லாம் வீட்டு இலக்க வரிசையில் இருந்தன. பதினேழாவது வரியில் விரல் நின்றது. 31/14, பி. இருளப்பன். பக்கத்தில் வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து.

“ஐயா, இது எங்க வீடுதாங்க! ஆனா அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்களே. கைநாட்டுத்தான்.”

ஹியூபேட் சட்டென்று புத்தகத்தை மூடினார். பக்கத்து மேசையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தரும் வரேல்லை தங்கச்சி. ஒவ்வொரு வருஷமும் ஒருத்தரும் வாறதில்லை. ஆக்கள் வரேல்லையெண்டு எழுதினா மேல இருந்து கேள்வி வரும். பழைய வாக்காளர் இடாப்பைப் பார்த்து நான்தான் பேரை எழுதுறனான்.”

அவள் மிரட்டவில்லை. மிரட்டத் தெரிந்தவளும் இல்லை. பொய்யோ மெய்யோ, புருஷன் பெயர் சீலுக்கு மேலே இருக்கிறது, அது போதும் அவளுக்கு. “வாங்க ஐயா, நேரமாகுது” என்று அழுதாள்.

ஹியூபேட்டுக்குப் பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதை நினைத்தார், அவளைப் பார்த்தார், பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது லொறி வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் பதினேழாவது வரியைப் பார்த்துத் தலையாட்டினார். இருளப்பனைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிவிடக் கூடாதே என்று ராக்கம்மா மாரியம்மனைக் கும்பிட்டபடி நின்றாள்.

அவர் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டி மற்றப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இவங்க எல்லாரும் வந்தாங்களா?”

“ஓம் சேர், எல்லாரும்.”

“முப்பத்தெட்டாம் நம்பர், மாக்ரெட் ரொட்ரிகோ. இது எங்க அம்மா.”

ஹியூபேட் அந்த வரியை எட்டிப் பார்த்தார். இனிப் பின்வாங்கினால் இரண்டு குடும்பம் நடுத்தெருவில். “ஓம் சேர், அம்மாவும் வந்தவ. பின்னுக்குக் கதிரையில இருந்தவ.”

“பேசினாங்களா?”

“கதைச்சவ சேர். வீட்டுக்கு முன்னால கான் அடைச்சுத் தண்ணி நிக்குது, துப்புரவாக்கித் தாங்கோ எண்டு கேட்டவ.”

“சுகமா இருந்தாங்களா?”

“நல்ல சுகம் சேர். சிரிச்ச முகமா இருந்தவ.”

இன்ஸ்பெக்டர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. ராக்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார், இருளப்பனைத் திறந்துவிடும்படி கொன்ஸ்டபிளிடம் சிங்களத்தில் சொன்னார்.

ராக்கம்மா புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பியும் பாராமல் வாசலைத் தாண்டினாள். ஹியூபேட் மெல்லப் புத்தகத்தை எடுக்கப் போனார். இன்ஸ்பெக்டர் அதன்மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்.

“அம்மா செத்து நாலு வருஷம்.”