மாற்றுப்புடவை

"தனியா வந்தா ரூம் இல்ல, அம்மா."

கல்லாற்றங்கரை விடுதிக்காரர், மலையாளி ஜெயன், சாவியைத் தொடக்கூட இல்லை. பொன்முடி பஸ்ஸிலிருந்து மழையில் நனைந்தபடி இறங்கி வந்த கௌசல்யாவுக்குச் சுருக்கென்றது.

"காலியாத்தானே கிடக்கு? ரெண்டு நாளைக்குத்தான் கேக்கறேன்."

"ஃபேமிலிக்கு மட்டுமே கொடுக்கும். அதாணு இவிடத்த வழக்கம்."

"ஃபேமிலிக்கு நான் எங்கே போவேன்? அவர் போய் வருஷமே திரும்பிடுத்து. அவரோட எத்தனை தடவை இங்கே தங்கியிருக்கேன். அறுபது வயசுக்காரிகிட்ட என்ன சந்தேகம் உமக்கு?"

கேட்டது நியாயம்தான். தனியாக வரும் பெண்ணுக்கென்று சட்டம் எங்கிருந்துதான் முளைக்குமோ.

சத்தம் கேட்டு ஜெயனின் மனைவி பிச்சம்மாள் வந்தாள். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்த தமிழ்க்காரி.

"ரூம் எதுக்கும்மா? எங்க வீட்ல என்கூடப் படுத்துக்கங்க. முதல்ல ஈரத்தை மாத்துங்க."

"மாத்துப்புடவை கொண்டுவரலை."

பிச்சம்மாள் தன் நீலப் புடவையை நீட்டினாள்.

"ஒருத்தர் உடுத்தினதை நான் உடுத்திண்டதில்லை" என்றாள் கௌசல்யா. கரமனை அக்ரஹாரத்து ஆசாரம் அது. ஆனால் குளிர் அதைக் கேட்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றிரவு பிச்சம்மாளின் வாய் ஓயவே இல்லை. அட்டைக்கடி, எஸ்டேட் பூட்டிய கதை, மகளின் பிரசவம். கௌசல்யா புரண்டு படுத்தால், "காப்பி போடட்டா?" எழுந்தால் கூடவே எழுந்தாள். குளியலறை வாசலில்கூட நின்றாள்.

காலையில் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தவளிடம் கௌசல்யா பொரிந்து தள்ளினாள்.

"ஆத்தங்கரைல நிம்மதியா இருக்கணும்னு வந்தேன். உன் ஆம்படையான் கதவைச் சாத்தினார். நீ கண்ணை மூடவே விடலை. நான் என்ன திருடியா?"

பிச்சம்மாள் கலங்கி ஓடும் ஆற்றைப் பார்த்தாள்.

"போன மழைக்கு ஒரு பொண்ணு தனியா வந்தாம்மா. ரெண்டு நாளைக்குன்னுதான் அவளும் கேட்டா. கொடுத்தோம். விடிஞ்சா ஆள் இல்ல. ஆத்துலருந்துதான் எடுத்தாங்க. போலீஸ் வந்து பையைத் திறந்துச்சு. மாத்துத்துணி ஒண்ணுகூட இல்ல. அதுக்கப்புறம் இவரு தனியா வர்ற யாருக்கும் ரூம் கொடுக்கறதில்ல."

கௌசல்யா தன் கைப்பையைக் குனிந்து பார்த்தாள். அதில் நேற்று நனைந்த புடவையைத் தவிர ஒன்றுமில்லை.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இந்தப் புடவையைப் பார்சல்ல அனுப்பிடறேன்."

"பார்சல் வேண்டாம். துவைச்சு நீங்களே கொண்டு வாங்க."

கண்டக்டர் மணியடித்தார். பஸ் நகரும்போது கௌசல்யா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே கொண்டு வரேன், பிச்சம்மா. வரச்சே எனக்கும் ஒரு மாத்துப்புடவை எடுத்துண்டு வரேன்."