மேலே போகாத மருந்து

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஊசியோடு நின்ற நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள்.

"அந்த ஊசி வேண்டாம்" என்றாள் அவள்.

உடைந்த தொடைக்குள் ஓராண்டாக இருந்த கம்பியை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. வலி கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்தாள்.

"எதுக்கு மதினி இந்த வீம்பு?" என்றாள் கணவனின் தங்கை மாரிச்செல்வி. "போன தடவ இதே ஊசிதான? பூ மாதிரி கெடந்திய."

பூ மாதிரி.

போன தடவை, அவளும் கணவரும் போன வண்டியில் லாரி மோதிய மறுநாள். இதே ஊசி ஏறியிருந்தது. மாரிச்செல்விதான் வந்து சொன்னாள், அவர் போய்விட்டார் என்று.

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"சரி" என்றாள் அவள். "டீ கெடைக்குமா?"

மருந்தின் வேகம் அடங்கியபோது அவரை எரித்து முடித்திருந்தார்கள்.

ஊர் அந்த டீயைப் பற்றித்தான் பேசியது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓராண்டாக அழுகை வரவில்லை. அழப்போனால் டீ வந்து நின்றது.

டாக்டர் வற்புறுத்தவில்லை. வேறொரு மாத்திரை இருக்கிறது என்றார். இன்னும் கடைக்கு வராதது, சோதனையில் இருப்பது. வலிக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

"அது என்ன செய்யும்?"

வலி நரம்பு வழியாக ஓடிவருகிறது என்றார். நரம்பின் சுவர் நெடுகக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். உப்பு உள்ளே பாயப் பாய, வலி ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குத் தாவும். மாத்திரை அந்த வாசல்களை அடைக்கும். வலி வழியிலேயே நின்றுவிடும்.

"ஊசி?"

"அது மூளைக்குள்ள வேலை செய்யும்மா. வலி வந்து சேரும். ஆனா வந்தது பெருசாத் தெரியாது."

அதை அவள் அறிவாள்.

நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "மாத்திர இங்க ஒண்ணும் செய்யாதுல்லா?"

"மேல அதுக்கு வேலை இல்ல."

விழுங்கினாள்.

பிற்பகலில் தொடை அடங்கியது. முழுதாக அல்ல. தையல் போட்ட இடம் மட்டும் விண்ணென்றது. அது இருக்கட்டும்.

தலை தெளிவாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனை வந்தது. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுப் போனது. எதுவும் மங்கவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை எடுத்துப் போட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாரிச்செல்வி."

"வலிக்கா மதினி? நர்ஸக் கூப்பிடட்டா?"

"யாரையும் கூப்பிடாத. கிட்ட வா."

வந்தாள்.

"அன்னைக்கு வந்து சொன்னேல்லா?"

மாரிச்செல்வியின் முகம் மாறியது.

"இப்ப மறுபடி சொல்லுட்டி."