மன்னிப்புப் பெட்டி

எலும்பு ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் குராமோச்சி, இனிப்புப் பெட்டியோடு எதிர் அறை ஆய்வாளர் சிதோசேயிடம் வந்து, ஜப்பானிய வழக்கப்படி இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க சிதோசே-சான். எங்க மருந்துத் தண்ணி பாட்டிலை ஒரு வாரமா உங்க எலிக்கூண்டுல தப்பா மாட்டிட்டாங்க."

"அதுக்கென்ன சென்சே, சொட்டு விடாம குடிச்சிடுச்சுங்க."

"சொட்டு விடாமலா? எங்க குட்டைக்கால் எலிங்க பேருக்குத்தான் நக்கும். மூணு வருஷமா கால் வளரவே இல்ல. மருந்து வேலை செய்யலன்னு நாளைக்கு ஆராய்ச்சியவே மூடுறோம்."

சிதோசே கூண்டில் அன்று மாட்டியிருந்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"ஐயே! இதை எந்த எலி குடிக்கும்?"

"உங்களுது குடிச்சுதே?"

"கசப்பு தெரியிற செல்லே இல்லாம நாங்க உருவாக்கின எலிங்க அதுங்க!"

சிதோசே சிரித்தபடி பெட்டியை அவர் கையிலேயே திணித்தாள்.

"இனிப்பு எனக்கெதுக்கு? உங்க எலிங்க தண்ணியில கலந்து குடுங்க."