மொட்டைப் புழு

"ஏனுங்க தம்பி, ஊரே புழு இல்லாத மீனாத் தேடுது. நீங்க மீனை உட்டுப்போட்டுப் புழுவைக் கேக்கறீங்களே!"

மீன்காரி அத்தாயி கொட்டாங்குச்சியை நீட்டினாள். ஏரிக் கெளுத்தியின் குடலிலிருந்து எடுத்த நாடாப்புழுக்கள் ஐந்து அதில் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

முனீர் ஆசையாக வாங்கிக்கொண்டான். மதராஸ் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியன். லீவுக்குச் சங்ககிரி வந்திருந்தான். 'இந்த வருஷமும் பேர் சொல்ல ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் ஜவுளிக்கடையில் வந்து உட்கார்' என்று அத்தா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவோ மீன் குடலை வாசற்படி தாண்ட விடவில்லை. அதனால் அறுத்து எடுக்கும் வேலை அத்தாயியுடையதாயிற்று.

"அத்தாயக்கா, இந்த மைக்ராஸ்கோப்புல பாருங்க. இது மதராஸ்ல நானே எடுத்த புழு."

அவள் ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தாள். "அட சாமி! தோல் ஓரமெல்லாம் பூனை மயிராட்டத் தெரியுதுங்க!"

"புழுவுக்கு வாயே கிடையாதுக்கா. அந்த மயிர் இருக்கற தோலாலதான் சாப்பிடுது. இப்ப உங்க ஏரிப் புழுவைப் பாருங்க."

"இதுல ஒண்ணையுங் காணமுங்க. மழமழன்னு இருக்குது."

"அதேதான்!" முனீருக்குத் தலைகால் புரியவில்லை. "நாப்பது புழு பார்த்தாச்சு, ஒண்ணுலகூட மயிர் இல்லை. உலகத்துல எவனும் பார்க்காத புது இனம்! அதோட தோல் எப்படித்தான் சாப்பிடுதோ, அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை. லண்டனுக்குக் கட்டுரை எழுதி, காலையில ரயில் தபால்ல அனுப்பிட்டேன். இனிமே கடைக்கு வரமாட்டேன்னு அத்தாகிட்டயும் சொல்லிட்டேன். புழுவுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்!"

"எம் பேரா?" அத்தாயி வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பின்னே? எல்லாம் உங்க கைராசிக்கா."

"கைராசி என்னங்க கைராசி! படிச்சவங்க கையில அழுக்கோட குடுக்கலாமுங்களா? மீனைத் தேய்க்கறாப்பலயே, ஒவ்வொரு புழுவையும் அடுப்புச் சாம்பலைப் போட்டு, கல்லுல நல்லாத் தேய் தேய்னு தேச்சுக் கழுவித்தானுங்க கொண்டாந்தேன்!"