மூலையில் ஒரு பொட்டு

“இன்னைக்கும் இருக்கு. இந்தப் பொட்டை ஒட்டறது யாரு?”

ஸாதனா டீச்சர் ஏழாம் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

கரும்பலகையில் சிதறல் வரைபடம் தொங்கியது. கீழ்க்கோட்டில் காலையில் எழும் நேரம், பக்கக்கோட்டில் தினமும் படிக்கும் நேரம். ஒரு பிள்ளைக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. சீக்கிரம் எழுகிறவர்கள் இடப்பக்கம் உயரத்தில், தூங்குமூஞ்சிகள் வலப்பக்கம் தாழ்வில் என்று பொட்டுக் கூட்டம் அழகாகச் சரிந்து இறங்கியது. அடுத்த வாரம் எர்ணாகுளம் கணித மேளாவுக்குப் போக வேண்டிய படம்.

அதில்தான் இடது மூலையில், அடியில், தன்னந்தனியாக ஒரு கறுப்புப் பொட்டு.

“சுதர்ஷன், இதுக்கு என்ன அர்த்தம்?”

“காலையில நாலு மணிக்கு எழுந்திரிக்கிற ஆள், டீச்சர். ஆனா படிப்பு சைபர்.”

“நம்ம கிளாஸ்ல அப்படி யாரு?”

யாருமில்லை. படிக்கவும் வேண்டாம் என்றால் இந்த வகுப்பில் எவனும் எட்டு மணி வரை போர்வையை விலக்கமாட்டான்.

டீச்சரின் சந்தேகமெல்லாம் அஞ்சனா மேல். பொட்டுகளை ஒட்டியவள் அவள்தான். வாய்த்துடுக்கு வேறு.

“சத்தியமா நான் இல்ல டீச்சர்.”

“நாளைக்கும் இது இருந்தா, மேளாவுல உன் பேர் கிடையாது.”

அஞ்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மட்டாஞ்சேரி கிடங்கில் மிளகு மூட்டை தூக்கும் அவள் அப்பா, மகள் மேடையில் பேசுவதைப் பார்க்க இப்போதே லீவு சொல்லி வைத்திருந்தார்.

டீச்சர் பொட்டைப் பிய்த்துப் போட்டாள். காயல் தண்ணீர் ஏறி வகுப்பறைச் சுவர் ஊறிக்கிடந்ததால், வழக்கம்போல் படத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அழைப்பு மணி அடித்ததும் கதவு திறந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் படத்தை மாட்டி, மேளாவில் விளக்கப்போவதை அன்றும் உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“எழும் நேரம் கீழே, படிக்கும் நேரம் பக்கத்தில். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பொட்டு.”

மறுநாள் வகுப்பில் பிரித்தாள்.

அதே மூலையில் அதே கறுப்புப் பொட்டு.

நேற்று மதியத்திலிருந்து அஞ்சனா படத்தின் பக்கமே வரவில்லை. டீச்சர் படத்தின் கிட்டே போனாள். உற்றுப் பார்த்தால் அது புதுப் பொட்டும் இல்லை. ஓரமெல்லாம் வியர்வை உப்பு. யாரோ நெற்றியில் வைத்து எடுத்தது.

“பேடியா இருக்கு டீச்சர், ரொம்பப் பயமா இருக்கு,” என்றாள் அஞ்சனா. “உங்க வீட்ல வேற யாரு இருக்காங்க?”

“யாருமில்ல. நானும், படுத்த படுக்கையா கிடக்கற மாமியாரும்தான்.”

“அப்போ செத்துப்போன யாரோதான்,” என்று பின்வரிசையில் ஒரு குரல் முனகியது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் பொட்டைப் பிய்த்துவிட்டுப் படத்தை மாட்டினாள் டீச்சர். விளக்கைப் போடாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெளியே மழை இருட்டு.

படத்தின் முன் சின்னதாக ஓர் உருவம் வந்து நின்றது. அதன் கை நெற்றிக்குப் போயிற்று. பிறகு படத்தின் மூலைக்குப் போயிற்று.

டீச்சர் சுவிட்சைத் தட்டினாள்.

அமுதவள்ளி. மாமியாரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டு வேலைக்கும் தென்காசிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்த பெண். அஞ்சனாவைவிட ஒரு வயது சின்னவளாக இருப்பாள்.

“ஒரு பிள்ளைக்கு ஒரு பொட்டுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க,” என்று பயந்துபோய்ச் சொன்னாள் அவள். “நாலு மணிக்கு நேரா, படிப்பு சைபர்ல, சரியாத்தான் வெக்கிறேன். என்னோடது மட்டும் ஏன்க்கா தினமும் உதிர்ந்து போகுது?”